"புரிஞ்சுதா?" என்று கேட்டால் போதுமா?

பாடம் முடியும் நேரத்தில் ஆசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பி, "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். யாருக்கு உண்மையில் புரிந்தது, யார் பக்கத்துப் பெஞ்சோடு சேர்ந்து சொன்னார் என்று அந்தக் குரலில் பிரித்தறிய வழியில்லை. வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றதும் ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுபவை, இந்த ஒற்றைக் குரலைப் பிரித்துக் காட்டும் எளிய கருவிகள்தாம்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு மின்கலத்தோடு ஒரே மாதிரியான இரண்டு டார்ச் பல்புகளைத் தொடரிணைப்பில் இணைக்கிறோம். எது அதிகம் ஒளிரும்? ஓம் விதிக் கணக்கைப் பிழையில்லாமல் போடும் பிள்ளைகளிலும் பலர் "முதல் பல்பு" என்பார்கள். மின்னோட்டத்தில் ஒரு பங்கை முதல் பல்பு சாப்பிட்டுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் ஒரே சுற்றில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றுதான். இரண்டும் சமமாகவே ஒளிரும். கணக்குக்கு மட்டும் மதிப்பெண் தரும் தேர்வில் இந்தத் தவறான எண்ணம் வெளியே தெரியாமலே போய்விடும்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூருக்கு இது 1990 வாக்கில் உறைத்தது. அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டார்கள். அடிப்படைக் கருத்தைச் சோதிக்கும் எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். 1991 முதல் அவர் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, நான்கைந்து விடைகளோடு ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் பாடத்தை மீண்டும் விளக்குவார். 70-ஐத் தாண்டினால் மேலே போவார். இடைப்பட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்கான காரணத்தைச் சொல்லி வாதிடச் செய்து, மறுபடி விடை கேட்பார். அண்மையில்தான் புரிந்துகொண்ட மாணவருக்குத் தோழன் எங்கே சிக்கியிருக்கிறான் என்பது இன்னும் நினைவில் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் கற்ற ஆசிரியருக்கு அது மறந்துபோயிருக்கும்.

பொத்தானை அழுத்தி விடை அனுப்பும் 'கிளிக்கர்' என்ற கையடக்கக் கருவி பல கல்லூரிகளுக்கு வந்தது. அது வேண்டியதுதானா? கனடாவின் மான்ட்ரியல் நகரக் கல்லூரியொன்றில் நாத்தனியேல் லாஸ்ரி ஒரு பிரிவுக்குக் கிளிக்கரும் இன்னொன்றுக்கு விடையைத் தூக்கிக் காட்ட வெறும் அட்டைகளும் கொடுத்து ஒப்பிட்டார். 2008இல் வெளியான அவர் முடிவின்படி, கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவி வாங்கப் பணமில்லையே என்று தயங்கும் எந்தப் பள்ளிக்கும் இது நல்ல செய்தி.

அட்டையின் எளிமையோடு கிளிக்கரின் கணக்கு வைக்கும் திறனையும் சேர்த்தது 'பிளிக்கர்ஸ்' என்ற செயலி. ஒவ்வொரு பிள்ளைக்கும் க்யூஆர் குறியீடு போன்ற ஒரு கறுப்பு வடிவம் அச்சிட்ட தாள் அட்டை. அதன் நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் பொடியாக இருக்கும். தன் விடைக்குரிய ஓரம் மேலே வரும்படி பிள்ளை அட்டையைப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் கைபேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒரு வீச்சு வீசினால், யார் எந்த விடை என்று திரையில் வந்துவிடும். வடிவம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிப்பது எளிதல்ல. பிள்ளைகள் கையில் கைபேசியே வேண்டாம். செயலியில் பெயர்களுக்குப் பதில் வரிசை எண்ணைப் பதிவது நல்லது. யார் எதில் தவறினார் என்ற விவரம் ஆசிரியரோடு நிற்கட்டும்.

விடைகள் பிரிந்துவிட்டன, பிள்ளைகள் வாதாடியும் முடித்துவிட்டார்கள். இப்போது காட்ட ஏதாவது வேண்டும். அங்கேதான் 'ஃபெட்' வருகிறது. 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கணினிப் பாவனைத் (simulation) திட்டம் இது. இலவசம், பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதன் மின்சுற்றுப் பெட்டியில் பல்பையும் கம்பியையும் இழுத்து இணைத்தால், எலெக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஓடும். முதல் பல்பைத் தாண்டிய பிறகும் உருண்டைகள் குறைவதில்லை, வேகமும் தளர்வதில்லை. ஆயிரம் வார்த்தையில் சொல்ல முயன்றதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கிறது. நிஜக் கம்பியில் எலெக்ட்ரான் கண்ணுக்குத் தெரியாதே!

அதே பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் குழு நிஜ பல்புகளோடும் இன்னொன்று இந்தத் திரைச் சுற்றோடும் ஆய்வகப் பயிற்சி செய்தன. 2005இல் வெளியான முடிவுகளில், திரையில் பழகியவர்கள் கருத்துக் கேள்விகளில் மட்டுமல்ல, நிஜச் சுற்றை அமைத்து விளக்குவதிலும் முந்தியிருந்தார்கள். இதைக் காட்டி ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

திரையை அணைத்த பிறகு இரண்டு டார்ச் பல்புகளையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கடையில் வாங்கிய பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று சற்று மங்கலாக எரியலாம். "பாத்தீங்களா மிஸ், முதல் பல்புதான் பிரகாசம்!" என்று ஒருவன் கூவுவான். பல்புகளை இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். மங்கல் அந்த இடத்திலேயே நிற்கிறதா, பல்போடு நகர்கிறதா என்று அவனே பார்த்துச் சொல்லட்டும்.