ஒரு மீட்டர் லைனிங் துணியில் ஓடும் கடை

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது மருங்காபுரி வட்டாரம். மருங்காபுரி பழைய ஜமீன் ஊர். வட்டாரத்துக்கு அதன் பெயர் என்றாலும் கடைவீதி என்று ஜனங்கள் போவது துவரங்குறிச்சிக்குத்தான். பெரிய கொள்முதல் என்றால் மணப்பாறை, கல்யாண ஜவுளி என்றால் திருச்சி. காவிரித் தண்ணீர் எட்டாத வானம் பார்த்த பூமி இது. மழை பெய்த வருஷம் கையில் காசு புரளும், பொய்த்த வருஷம் பண்டிகைக்கே இழுபறி. இப்படிப்பட்ட இடத்தில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். திருச்சியின் சின்னக்கடை வீதியும் என்.எஸ்.பி. ரோடும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும்போது இங்கே யார் சேலை எடுப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி சரிதான். அதனால் சேலைக் கடை வைக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். சேலைக்குத் துணையாகப் போகும் துணியை, அதாவது ஜாக்கெட் துணி, லைனிங், பாவாடைத் துணி, ஃபால், நூல், கொக்கி இவற்றை அளந்து வெட்டித் தரும் கடைக்கு இந்த வட்டாரத்தில் இடம் இருக்கிறது. காரணம் கணக்கில் இருக்கிறது, பஸ்ஸில் இருக்கிறது, கொஞ்சம் அரசாங்கத் திட்டங்களிலும் இருக்கிறது.

முதலில் கணக்கு. கையில் 1,20,000 ரூபாய் முதல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 800 ரூபாய் கொள்முதலில் சேலை வாங்கினால் 150 சேலை வரும். திருச்சிப் பெரிய கடையில் ஒரு மாடியின் ஒரு மூலையில் கிடப்பது அதைவிட அதிகம். 150 சேலையைப் புரட்டிப் பார்த்த பெண், பிடித்தது ஒன்றும் இல்லை என்று எழுந்து போவதில் ஆச்சரியமே இல்லை. அதே பணத்தில் மீட்டர் 60 ரூபாய் விலையில் ஜாக்கெட் துணி வாங்கினால், நிறத்துக்கு 20 மீட்டர் வீதம் 100 நிறம் அடுக்கலாம். இவை விளக்கத்துக்காக எடுத்த விலைகள்தாம், ஆனால் விலை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் விஷயம் மாறாது. 100 நிறம் உள்ள கடை, வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பாது. சேலையில் சின்னக் கடைக்காரர் எத்தனை வாங்கிப் போட்டாலும் குறைவாகத்தான் தெரியும். நிறத்தில் மட்டும் அவரால் ஒரு பெரிய கடைக்குப் பக்கத்தில் வந்து நிற்க முடியும். அதுவும் போக, சேலைக்கு மோஸ்தர் உண்டு, போன வருஷச் சேலை இந்த வருஷம் தள்ளுபடியில்தான் போகும். மெரூன் நிறத்துக்கும் பாட்டில் பச்சைக்கும் மோஸ்தர் போவதில்லை.

வாங்குகிறவர்கள் யார்? சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் தரும் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சத்துணவுத் திட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். இவற்றால் கிராமத்துத் திண்ணைகளில் தைக்கத் தெரிந்த பெண்கள் பெருகியிருக்கிறார்கள். 1983-இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்தில் வருஷாவருஷம் சேலை வந்துவிடுகிறது, அதற்கு ஜாக்கெட் தைக்கத் துணி வெளியில் வாங்கியாக வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை சேர்கிறது. யாரிடமும் கேட்காமல் நூறு ரூபாய்க்குத் துணி எடுக்க அந்தப் பணம் போதும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் 2021 மே மாதம் பெண்களுக்கு வந்த இலவசப் பஸ் பயணம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான் அது செல்லும். சுற்றுக் கிராமத்துப் பெண் டவுன் பஸ் ஏறி வட்டாரக் கடைவீதிக்கு டிக்கெட் இல்லாமல் வந்து போகலாம். திருச்சிக்குப் புறநகர்ப் பஸ் ஏறினால் காசு கொடுக்க வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும். ஐயாயிரம் ரூபாய்ச் சேலைக்கு அந்தச் செலவு பொருட்டில்லை. அரை மீட்டர் லைனிங்குக்கு யார் போவார்கள்?

இந்த அரை மீட்டரை விற்பதில்தான் தொழில் இருக்கிறது. சேலையோடு வரும் வாடிக்கையாளர் பெரும்பாலும் கடையின் குழல்விளக்கை நம்புவதில்லை, துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். அவர் செய்வது சரி. சேலையின் சாயம் வேறு, பருத்தி ஜாக்கெட் துணியின் சாயம் வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். கடைக்குள் அச்சாகப் பொருந்திய மயில் நீலம் வெயிலில் பச்சையாக இழுக்கும். அதனால் இந்தக் கடைக்கு அலங்கார விளக்கைவிட, நேர் வெயில் விழாமல் வானத்து வெளிச்சம் வரும் வாசல் முக்கியம். நேர் வெயில் பட்டால் அடுக்கிய துணியின் மடிப்பு ஓரம் வெளுத்துப்போகும், அந்த ஓரத்தை யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்தது பன்னா, அதாவது துணியின் அகலம். 36 அங்குலப் பன்னாவில் ஒரு மீட்டர் தேவைப்படும் ஜாக்கெட், 44 அங்குலப் பன்னாவில் 80 சென்டிமீட்டரில் முடிந்துவிடலாம். இதை வாங்குகிறவரிடம் எடுத்துச் சொல்லும் கடைக்காரருக்கு அன்றைக்கு 20 சென்டிமீட்டர் வியாபாரம் குறையும், ஆனால் அந்தப் பெண் அடுத்த தடவை வேறு கடைக்குப் போக மாட்டார். பாப்ளின் துணியை ஓரத்தில் கத்தரியால் ஒரு கீறல் போட்டுக் கையால் கிழித்தால் இழை போன வழியில் நேராகக் கிழியும். கத்தரியில் வெட்டினால் கோணல் விழலாம், தையற்காரர் நேர்ப்படுத்தும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீணாகும். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி வெளித்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். பழி தையற்காரரைத் தாண்டிக் கடைக்கு வந்து சேரும். முத்திரை குத்திய மீட்டர் கோலைத் துணியின் மேல் வைத்து, இழுக்காமல், வாங்குகிறவர் கண்ணெதிரில் அளப்பது சட்டத்துக்காக மட்டும் இல்லை, கடையின் பெயரே அந்தக் கோலில்தான் நிற்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, இப்போது சேலையோடேயே ஜாக்கெட் துணியும் சேர்ந்து வந்துவிடுகிறதே என்பது. உண்மை. மேட்சிங் துணி வியாபாரத்தை அது ஓரளவு அரித்திருக்கிறது. ஆனால் சேர்ந்து வரும் துணி பல சேலைகளில் உடல் தெரியும் அளவுக்கு மெல்லிசு, லைனிங் இல்லாமல் தைக்க முடியாது. லைனிங்கும் ஃபாலும் கொக்கியும் பொதுவாகச் சேலையோடு வருவதில்லை. வேறு நிறத்தில் ஜாக்கெட் போடும் வழக்கமும் சேர்ந்துகொண்டதால் இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது மறுப்பு ரெடிமேடு. இதில் நான் பாதி தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆண்களின் சட்டைத் துணி, பேன்ட் துணி வியாபாரம் ஏறக்குறைய போய்விட்டது, இளம்பெண்கள் குர்த்தியும் லெக்கின்ஸும் தைத்துப் போடுவதில்லை. புதிதாகக் கடை போடுகிறவர் சூட்டிங் ஷர்ட்டிங்கில் பணம் முடக்குவது வீண். ஆனால் ஜாக்கெட் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் உடுப்பு. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ரெடிமேடு ஜாக்கெட் தோளில் சரியாக இருந்தால் கையில் பிடிக்கும். சேலை இருக்கும்வரை தையற்காரர் இருப்பார், தையற்காரர் இருக்கும்வரை லைனிங் விற்கும். மூன்றாவது மறுப்பு, போனிலேயே எல்லாம் வாங்குகிறார்களே என்பது. போன் திரை காட்டும் நிறத்தை நம்பி ஜாக்கெட் துணி வாங்கிப் பார்த்தவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தையற்காரரைப் பிடிக்காமல் இந்தக் கடை நடக்காது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் பல காலம் துணி விற்கிறவரும் தைக்கிறவரும் தூணுக்குத் தூண் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள், பின்னர்தான் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. துணியை எடுத்தவுடன் திரும்பி அளவு கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதே அந்த இடத்தின் பலம். துவரங்குறிச்சி மாதிரி ஊரில் கடைக்கு வெளியே ஒரு மெஷின் போட இடம் விட்டாலே இதில் பாதி கிடைத்துவிடும். ஃபால் அடிக்க, ஓரம் அடிக்க வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் நூல் வாங்குவார்கள், பாவாடை நாடா வாங்குவார்கள்.

துணித் தானின் கடைசித் துண்டு என்ன ஆகிறது என்பதில்தான் பல கடைகள் கோட்டை விடுகின்றன. மேலே சொன்ன 60 ரூபாய்த் துணியை 80 ரூபாய்க்கு விற்றால் 20 மீட்டர் தானில் முதல் 15 மீட்டர் போட்ட முதலைத்தான் எடுக்கும். லாபம் முழுக்க கடைசி 5 மீட்டரில் இருக்கிறது. ஜாக்கெட்டுக்குப் பற்றாத துண்டுகளாக மொத்தம் ஒரு மீட்டர் தங்கினால் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு அலமாரியில் தூங்குகிறது என்று பொருள். இந்தத் துண்டுகளைக் கிலோ கணக்கில் தள்ளிவிடுவது வழக்கம். ஆனால் துண்டுத்துணிக்கு நம் பக்கத்திலேயே மதிப்பு இருந்திருக்கிறது. கோயில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பை, வெவ்வேறு நிறத் துணிகளை வெட்டி ஒட்டுத்தையல் போட்டுச் செய்வதுதான். வீட்டில் பழைய சேலையை மடித்துத் தைத்துப் பிள்ளைக்குப் படுக்கை செய்யாத பாட்டி இல்லை. கர்நாடகத்தில் கௌதி என்றும் வங்காளத்தில் காந்தா என்றும் இதே வேலை காசு பார்க்கிறது. அமெரிக்காவில் துண்டுத்துணிப் போர்வையான குவில்ட் ஒரு தனி வணிகமாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே மிசௌரி மாநிலத்தில் ஹாமில்டன் என்று 2,000 பேர்கூட இல்லாத ஓர் ஊர். 2008-இல் ஒரு குடும்பம் அங்கே குவில்ட் துணிக்கடை தொடங்கியது. துணியை 5 அங்குலச் சதுரமாகவும் இரண்டரை அங்குலப் பட்டையாகவும் வெட்டிய கட்டுகளை விற்றார்கள், எப்படித் தைப்பது என்று வீடியோவில் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அந்த ஊர்க் கடைவீதியில் கணிசமான பகுதி அவர்களுடைய கடைகள்தாம், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து துணி வாங்குகிறார்கள். அதே நாட்டில் 1943-இல் பிறந்து சுமார் 800 கிளைகள் வைத்திருந்த ஜோஆன் என்ற துணிக்கடைச் சங்கிலி, 2025-இல் எல்லாக் கிளைகளையும் மூடிவிட்டது. அதற்குக் கடன் சுமையும் ஒரு காரணம், ஆகவே சின்னது ஜெயிக்கும் பெரியது தோற்கும் என்று இதிலிருந்து விதி எழுதக் கூடாது. ஊர் சின்னதாக இருப்பதே ஒரு துணிக்கடையைக் கொன்றுவிடாது என்பதற்கு மட்டும் ஹாமில்டன் சாட்சி.

அதற்காக மருங்காபுரியில் குவில்ட் கடை திறக்கச் சொல்லவில்லை. நம் வெக்கையில் பஞ்சு வைத்த போர்வையை யார் போர்த்துவார்கள்? பிள்ளைப் படுக்கை, துணிப்பை, தலையணை உறை, பிடிதுணி என்று உள்ளூர்த் தையற்பெண்கள் செய்யக்கூடிய சரக்குக்கு நிறம் பிரித்துக் கட்டிய துண்டுக் கட்டு ஒன்று கடையில் இருந்தால் போதும். தேங்கிய துண்டு சரக்காகிவிடும், தைக்கிறவருக்கும் நாலு காசு.

வரியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை, அதைத் தாண்டினாலும் ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் முறையில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். பயப்பட வேண்டியது கடன் நோட்டுக்கு. மானாவாரி ஊரில் கடன் தராமல் இருக்க முடியாது, தந்தால் அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டும். தையற்காரர்களுக்கு மட்டும் மாதக் கணக்கு, மற்றவர்களுக்கு ரொக்கம் என்று முதல் நாளே எழுதி ஒட்டுவது நல்லது. சின்னத் தொகை வியாபாரம் என்பதால் ரொக்கம் கேட்பது இங்கே சேலைக் கடையைவிடச் சுலபம். இன்னொன்று, ஆள் வைத்தால் உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். கடை ஊழியர் உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது, ஜவுளிக்கடைகளில் நின்றே கால் வீங்கிய பெண்களை முன்வைத்து வந்த சட்டம் அது.

இந்தக் கடை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும், மாடி மேல் மாடி கட்டித் தராது. அதற்குச் சம்மதம் என்பவர்கள் ஈரோட்டுக்கோ சூரத்துக்கோ சரக்கு எடுக்கப் போகும் முன் ஒரு வாரம் செலவழித்துச் சுற்றுக் கிராமங்களின் தையற்காரர்களைப் பாருங்கள். போன மாதம் எந்த நிறம் கிடைக்காமல் திருச்சிக்குப் பஸ் ஏறினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் கொள்முதலுக்கு அந்தப் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள்.