வேரில்லாமல் வாழும் தில்லாண்ட்சியா

அன்னாசியின் குடும்பமான புரோமிலியேசியில், மண்ணையே தொடாமல் மரக்கிளையில் வாழும் செடி ஒன்று இருக்கிறது. தில்லாண்ட்சியா அஸ்னியாய்டஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அமெரிக்காவின் வர்ஜீனியா முதல் தெற்கே அர்ஜென்டினா வரை, ஈரக் காற்று வீசும் இடங்களில் நரைத்த தாடிபோல் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சில கொத்துகள் 6 மீட்டர் நீளம்கூட வளரும். ஸ்பானிஷ் பாசி என்று மக்கள் அழைத்தாலும், இது பாசியல்ல; பூத்துக் காய்த்து விதை விடும் ஒருவித்திலைத் தாவரம்.

வளர்ந்த செடிக்கு வேரே கிடையாது. நூல்போன்ற தண்டையும் இலையையும் நுண்ணிய வெள்ளிச் செதில்கள் மூடியிருக்கின்றன. மழைநீரையும் அதில் கரைந்துவரும் சத்துகளையும் உறிஞ்சுபவை இவைதாம். காய்ந்த செடியின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: செதில்கள் நனைந்ததும் சாம்பல் நிறம் மறைந்து உள்ளிருக்கும் பச்சை தெரியும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! பகலில் நீர் வீணாகாதபடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது.

தாங்கும் மரத்திலிருந்து இது சாறு உறிஞ்சுவதில்லை. ஆகவே ஒட்டுண்ணி என்று பழிப்பது தவறு. தொற்றுத் தாவரம் என்பதே சரி.

மூன்று இதழ்கொண்ட சின்னஞ்சிறு பூ, வெளிர் பச்சை நிறம், மெல்லிய வாசனை. விதைகள் பஞ்சிழையோடு காற்றில் பறக்கும். அறுந்து விழும் துண்டும் புதுக்கிளையில் சிக்கினால் தழைத்துவிடும்.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இந்தச் செடியை ரெனியால்மியா என்ற பேரினத்தில் வைத்தார். 1762-இல் அவரே தில்லாண்ட்சியாவுக்கு மாற்றினார். இன்றைய வகைப்பாட்டில் இதன் வரிசை போயேல்ஸ். நெல்லும் கரும்பும் அடங்கும் அதே வரிசை!