எம்ஜிபி: துருவிலிருந்து சாலைக்கு

எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. கூடே பாரம் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி துருப்பிடித்தால், கூரையில்லாத வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து முட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வப்போது கதவை மாட்டி இடைவெளி பார்க்க வேண்டும். இந்தப் பொறுமைதான் சீரமைப்பின் உயிர். பளபளக்கும் பெயின்ட் அதற்குப் பிறகுதான். கூடு தேறாவிட்டால், பழைய அச்சுகளைக் கொண்டே செய்யப்படும் புதிய கூடு கிடைக்கிறது.

வேகம் விரும்புவோர் 1798 சிசி எஞ்சினுக்குப் பதிலாக 3.5 லிட்டர் ரோவர் வி8 பொருத்துவதுண்டு. 1973-இல் தயாரிப்பு நிறுவனமே அப்படியொரு ஜிடி மாடலை விற்றது. வி8 பொருத்தினால் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் கூடவே பலப்படுத்த வேண்டும்.