உலோகத்தைப் பற்றும் நைட்ரஜன்

மயில்துத்தக் கரைசலில் அம்மோனியா நீரைத் துளித்துளியாகச் சேர்த்தால், முதலில் வெளிறிய நீல வீழ்படிவு தோன்றும். மேலும் சேர்க்க, வீழ்படிவு மறைந்து, கரைசல் ஆழ்ந்த நீலமாகும். அம்மோனியாவின் நைட்ரஜன் அணு, பிணைப்பில் ஈடுபடாத தன் எலெக்ட்ரான் இணையைத் தாமிர அயனியுடன் பகிர்ந்து அதனைப் பற்றுவதே இதற்குக் காரணம். அமிலம் மிகுதியாகச் சேர்த்தால் இப்பிடி விட்டுப்போகும்.

வெயிலில் வெளுக்கும் சாயத்தால் துணிக்கு மதிப்பில்லை. எனவே உறுதியான பிடி தேவை. தாமிர தாலோசயனின் என்னும் நீல நிறமியில், ஒரே கரிம மூலக்கூறின் நான்கு நைட்ரஜன் அணுக்கள் தாமிரத்தைச் சூழ்ந்து பற்றியுள்ளன. வெயிலோ, நீர்த்த அமிலமோ, காரமோ அதன் நிறத்தை எளிதில் கெடுப்பதில்லை.

சாய வேதியியல் இந்தியாவில் வேரூன்றிய இடங்களுள் பம்பாய் மாதுங்கா சிறப்புடையது. 1933இல் தொடங்கிய பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறை பின்னர் அங்குதான் அமைந்தது. சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன் 1938 முதல் 1957 வரை அதன் இயக்குநராக விளங்கினார். செயற்கைச் சாயங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1952இல் வெளிவந்தது.

இயற்கையிலும் இவ்வமைப்பு உண்டு. குருதியில் இரும்பையும் பச்சையத்தில் மக்னீசியத்தையும் நான்கு நைட்ரஜன் அணுக்களே பற்றியுள்ளன. ஆயினும் மக்னீசியத்தின்மீதுள்ள பிடி தளர்வானது. புளியிட்டு வேகவைத்த கீரை பசுமை மங்குவது அதனாலேயே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிதில் விளக்கலாம்.