கேளா ஒலியும் மூளையும்

சாமராஜநகர் மாவட்டக் கிராமங்களில் களப்பணியாளர்கள் கைநடுக்கமுள்ள முதியோரைக் காண்பதுண்டு. மண்டையோட்டைத் திறவாமலே அத்தகையோர் சிலருக்குப் பயன்படுவது கேளா ஒலியாகும். வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட இவ்வொலியை நம் செவி உணராது. உருப்பெருக்கிக் கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல, இதனை மூளையின் ஆழத்தில் ஒரு சிறு இடத்தில் குவிக்கலாம்.

செறிவு மிகுந்தால் வெப்பத்தால் அவ்விடத்துத் திசு அழியும். மருந்துக்கு அடங்காத ஒருவகை நடுக்கத்துக்கு இம்முறையை அமெரிக்கா 2016-இல் ஏற்றது. செறிவு குறைந்தால் திசு அழியாது. நரம்பணுக்களின் இயக்கம் மட்டும் சிறிது காலம் மாறும். பூனையின் பார்வைப் பாதையில் மின்குறிகள் இவ்வாறு ஒடுங்கிப் பின் மீண்டதை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபிரை குழுவினர் 1958-இல் வெளியிட்டனர்.

இம்மென்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. ஆதலின் நடுக்கமுற்றோரை விளம்பரங்களை நம்பவிடாது, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புதலே தக்கது.