குரங்கு, கொசு, நடுவில் வாழை

நம்ம வாழைத்தோப்பில் குரங்குக் கூட்டம் இறங்கி ஏழெட்டுத் தாரை நாசம் பண்ணின மறுநாள், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். "சார், கொசுக் காய்ச்சலெல்லாம் குரங்குகிட்ட இருந்துதான் வருதாமே? வெடி வெச்சிருவோமா?"

அவர் கேட்டதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அது நம்ம ஊர்க் கதை இல்லை, ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுக் கதை.

அங்கே என்டெபி ஊரில் 1936-ல் மஞ்சள் காய்ச்சலை ஆராய ஒரு நிலையம் தொடங்கினார்கள். இது மஞ்சள் காமாலை இல்லை, கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல். 1947-ல் ஸிகா காட்டில் மரத்து மேல் மேடை கட்டி, கூண்டில் குரங்கை வைத்தார்கள். குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தைச் சோதித்தால் தேடிப்போன வைரஸ் இல்லை, புதுசு! அதற்குக் காட்டின் பெயரையே வைத்தார்கள். மறுவருஷம் அதே காட்டில் பிடித்த ஏடிஸ் ஆப்பிரிக்கானஸ் கொசுவிலும் அது இருந்தது.

குரங்கைக் கடித்த கொசு உடனே அடுத்த ஆளுக்கு நோயைக் கொடுத்துவிடாது. வைரஸ் குரங்கின் ரத்தத்தில் சில நாள்தான் ஓடும். அந்தச் சமயம் பார்த்துக் குடிக்கிற பெண் கொசுவின் குடலில் வைரஸ் பெருகி, உடம்பெல்லாம் பரவி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர ஏறக்குறைய பத்து நாள் ஆகும். வெக்கை கூடினால் இன்னும் சீக்கிரம். அப்புறம் அந்தக் கொசு சாகிற வரை கடிக்கும்போதெல்லாம் எச்சிலோடு வைரசும் இறங்கும். குரங்குக்கோ, தேறிவிட்டால் அந்த நோய் திரும்ப வராது.

ஆப்பிரிக்கானஸ் மர உச்சிக் கொசு. பொழுது சாய்ந்ததும் மேலே படுத்திருக்கிற குரங்கைத்தான் அதிகம் கடிக்கும். பிறகு மனுஷனுக்கு எப்படி வந்தது? அங்கேதான் வாழை வருகிறது. உகாண்டாவின் புவாம்பா பகுதியில் ஹாடோ முதலான ஆய்வாளர்கள் இதைத் துப்புத் துலக்கினார்கள். காட்டை ஒட்டிய தோட்டங்களுக்குச் செவ்வால் குரங்குகள் பழம் தின்ன வரும். வாழை மட்டை இடுக்கிலும் சேம்பு இடுக்கிலும் தேங்கும் துளித் தண்ணீரில் ஏடிஸ் சிம்ப்சோனி என்ற வேறொரு கொசு வளரும். அது பகலில் கடிக்கிற ஜாதி. வந்த குரங்கைக் கடிக்கும். நாள் கழித்து, தார் வெட்ட வந்தவரைக் கடிக்கும்.

மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் பரவியதில்லை. நம்ம ஊர் டெங்குவுக்குக் குரங்கு தேவையே இல்லை. காய்ச்சல்காரர் ரத்தத்தைக் குடித்த கொசு போதும். பிரேசிலில் 2017-ல் மஞ்சள் காய்ச்சல் பயத்தில் ஜனங்கள் குரங்குகளை அடித்துக் கொன்றார்கள். அங்கே ஊளைக்குரங்குகள் செத்து விழுவதுதான் நோய் நெருங்குவதற்கு முதல் அடையாளம். அதையும் அழித்தால் யார் சொல்லுவது?

அண்ணனைப் பம்புசெட் பக்கம் கூட்டிப்போய், கிடந்த பழைய டயரைக் காட்டினேன். உள்ளே தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. அவரே கவிழ்த்துக் கொட்டினார். தாரைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுகிற வழி மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் அகப்படலை.