பரந்தன் சந்தையிலே

கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி கிழக்கே பிரியும் சந்தியே பரந்தன். இரணைமடு நீரில் விளைந்த நெல்லும் முல்லைத்தீவுக் கருவாடும் இவ்வழியே செல்லும்.

குவாத்தமாலாவின் மலையூராகிய சிச்சிகாஸ்தெனாங்கோவில் வியாழனும் ஞாயிறும் மாயர்களின் சந்தை கூடும். அவர்தம் பெண்கள் நெய்த துணிகளைக் காணப் பிறநாட்டார் திரள்வர். நம் சந்தைக்கு அத்தகைய பெயரில்லை. எனினும், பனையோலைக் கடகங்களின் நடுவே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரைக் கண்டு நின்றோம்.

"தூக்கிப் பாருங்கோ பிள்ளையள், பிறகு விலையைக் கேளுங்கோ" என்றார். பனை நாரால் பொத்திய கடகம். நெல் நிறைத்தாலும் நெகிழாது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் போர் நெருங்க, ஊரார் கிழக்கே பெயர்ந்தபோது, அவர் தலையிற் சுமந்ததும் இத்தகைய கடகமொன்றையேயாம். அரிசி தீர்ந்த பின்னும் அதனை எறியவில்லை. மீண்டு வந்து, அதன் பின்னலைக் காட்டியே மருமகளுக்குப் பழக்கினாராம்.

பேரம் பேச நமக்கு நா எழவில்லை. இரண்டு வாங்கினோம்.